பாக் விரிகுடாவின் கடற்புல் படுகையும் கரைவாழ் மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

தஞ்சை மாவட்டக் கடற்கரையில், மல்லிப்பட்டினத்தை அடுத்து நிற்கும் மனோரா, நெப்போலியன் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியைப் போற்றி இரண்டாம் சரபோஜி எழுப்பிய நினைவுச் சின்னமாகும். இக்கரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இதனையோ, தெற்கே உள்ள தொண்டித் துறையையோ கொண்டு தொடங்குவர். (சங்கப் பாடல்களில் மிகுதியாகப் பேசப்படுவது மேலைக் கடற்கரையின் சேரர் தொண்டி என்பது இவ்விடத்துப் பல நேரங்களில் மறக்கப்படுகிறது.) விரிகுடாவின் பெயரும் 18ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராயிருந்த ராபர்ட் பாக் என்பவருடையதே. கட்டடமும் துறைமுகமும் ஆளுநர் பெயரும் வரலாறாகக் கொள்ளப்பட, நீரின் அடியிலிருந்த புல்வெளி வரலாற்றுச் சான்றாகக் கருதப்படவில்லை. அப்புல்வெளியை மையமாகக் கொண்டு இக்கரையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோடியக்கரைக்கும் இராமேசுவரத் தீவுக்கும் இடைப்பட்ட இக்கடல் ஆழம் குறைந்தது. பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. கதிரொளி அடிவரை சென்று சேர்வதால் கடற்புல் செழிக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அதிலே வளர்கின்றன. இராமேசுவரம் பகுதி மீனவர் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், இதனைப் பெண் கடல் என்றும் வழங்குவர். ஆயினும் வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண் கடலும் சீறும். அப்போது தென்கடல் அடங்கியிருக்கும். பருவத்திற்கேற்ப இரு கடல்களுக்குமிடையே தொழில் மாற்றிக்கொள்வது இம்மக்களின் பழைய வழக்கம். காற்றையும் நீரையும் அடித்தரையையும் ஒருங்கே அறிந்தவரே இவ்வழக்கைக் கைக்கொள்ள இயலும்.

இப்புல்லை மேய்வது ஆவுளியா எனப்படும் கடற்பசு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை புல் உண்ணும் இவ்விலங்கு, மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே கன்றை ஈனும். எனவே சில விலங்குகளின் இழப்பும் கூட்டத்தின் எதிர்காலத்தைப் பாதிக்கும். இறைச்சிக்காக இதனை வேட்டையாடியதும் இக்கரை வரலாற்றின் ஒரு பகுதியே. அதனை மறைத்து எழுதுவது நேர்மையன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் சேர்த்தது. பின்னாளில், வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்க்கு வனத்துறை ஊக்கத்தொகை அளித்தது. வலை மீனவரின் முதல் என்பதால், அதனை அறுப்பது சிறிய ஈகமன்று.

1960களில் இழுவைமடி விசைப்படகுகள் பெருகின. அடித்தரையை உரசிச் செல்லும் மடி இறாலோடு புல்லையும் பெயர்த்தது. நாட்டுப்படகினரின் வலைகளையும் அறுத்தது. 1970களில் எழுந்த மோதல்களின் பயனாக ஓர் ஏற்பாடு உருவாயிற்று: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திற்கும் முற்பட்டது இது. கடலை இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் பகுத்த இவ்வேற்பாடு, பொதுவளத்தைப் பகிர்வதற்கான உள்ளூர் நிறுவனமாக ஆராயப்பட வேண்டியது. தொழில் அமைதிக்கான உடன்பாடாகவே இது இதுவரை பெரிதும் பேசப்பட்டுள்ளது. வாரத்தில் நான்கு நாள் அடித்தரைக்கு இழுவைமடியிலிருந்து கிடைத்த ஓய்வு கவனம் பெறவில்லை. இவ்வேற்பாடு பல நேரங்களில் மீறப்பட்டதும் உண்மையே. எனினும் மீறல் குறித்து எழும் முறையீடே விதி உயிரோடிருப்பதைக் காட்டுகிறது.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இதற்கு அடிப்படையான 36அ பிரிவு, தேசியப் பூங்காவிற்குரிய பிரிவினின்றும் வேறானது. உள்ளூர்ச் சமூகத்தைக் கலந்தே அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. இக்குழுவில் மீனவர் கருத்துக்கேட்புக்கு மட்டும் அழைக்கப்படுவரா, அல்லது மூன்று நாள் நான்கு நாள் முறையை வகுத்தோர் என்ற தகுதியில் அமர்வரா என்பதே இங்கு முதன்மையான வினா. முன்னது நேரின், வலையை அறுத்து விலங்கை விடுவிக்கும் கை தயங்கத் தொடங்கும்.

1974ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை எல்லைக் கோடு இவ்விரிகுடாவை இரண்டாகப் பிரித்தது. புல்லும் விலங்கும் அக்கோட்டை அறியா. அக்கரைத் தமிழ் மீனவரின் வலைகளையும் இழுவைமடி அறுக்கிறது. நாட்டுக்குள்ளேயும் ஓர் எல்லை உண்டு. பாதுகாப்பகம் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கரையை ஒட்டி நின்றுவிடுகிறது. தெற்கே தொண்டி, தேவிபட்டினம் பகுதிக் கடற்புல் படுகைகள் அதற்கு வெளியே உள்ளன.