போயான் கிர்கிச்: பதினேழு வயதில் சுமத்தப்பட்ட பாரம்

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தைத் தொடர்ந்து அவதானித்து வருபவர்கள் மத்தியில் போயான் கிர்கிச் என்ற பெயர் பெரும்பாலும் ஓர் ஏமாற்றத்தின் பெயராகவே உச்சரிக்கப்பட்டு வந்துள்ளது. மெஸ்ஸியின் வாரிசு எனப் புகழப்பட்டவர், இருபத்தொரு வயதுக்குள் பார்சிலோனாவை விட்டு வெளியேறி, பின்னர் பல நாடுகளில் அலைந்து 32ஆவது வயதில் ஓய்வு பெற்றார் என்பதே அவரைப் பற்றிய சுருக்கமான வரலாறு. ஆனால், அந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப்போன பகுதியே முக்கியமானது.

கட்டலோனியாவின் லினியோலா என்ற சிற்றூரில் 1990 ஆகஸ்ட் 28ஆம் திகதி போயான் பிறந்தார். சேர்பியரான தந்தையும் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர். தாயார் கட்டலோனியப் பெண்மணி. 1999இல் பார்சிலோனா கழகத்தின் இளையோர் பயிற்சிப் பிரிவில் சேர்க்கப்பட்ட அவர், அங்கு எண்ணூறுக்கும் அதிகமான கோல்களைப் போட்டதாகப் பரவலாகக் கூறப்படுகின்றது. சிறுவர்கள் போடும் கோல்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பதிந்து வைக்கும் சூழலில் அவர் வளர்ந்தார் என்பதையே இந்தக் கணக்கு எமக்கு உணர்த்துகின்றது.

2007ஆம் ஆண்டு அவரது வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றியது. பெல்ஜியத்தில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஒரேயொரு கோலை அவரே போட்டார். அவ்வாண்டு தென்கொரியாவில் இடம்பெற்ற அதே வயதுப் பிரிவினரின் உலகக் கிண்ணப் போட்டியில், அரையிறுதியில் கானாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை பெற்று இறுதியாட்டத்தில் பங்குபற்றும் வாய்ப்பை இழந்தார். அவரில்லாத ஸ்பெயின் நைஜீரியாவிடம் தண்ட உதைகளில் தோற்றது. சில நாட்களின் பின்னர், செப்டெம்பர் 16ஆம் திகதி, ஒசசூனா அணிக்கு எதிராகப் பார்சிலோனாவின் முதலாவது அணியில் மாற்று வீரராகக் களமிறங்கினார். அப்போது அவருக்கு 17 வயதும் 19 நாட்களும். ஒக்டோபர் 20ஆம் திகதி வில்லாரியலுக்கு எதிராகக் கோல் போட்டு, பார்சிலோனாவுக்காக லீக் ஆட்டங்களில் மிக இளவயதில் கோல் பெற்றவர் என்ற மெஸ்ஸியின் சாதனையையும் முறியடித்தார். 2008 ஏப்ரல் முதலாம் திகதி ஜேர்மனியின் ஷால்க்க அணிக்கு எதிராக அவர் பெற்ற கோல், 1990களில் பிறந்த ஒருவர் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கில் பெற்ற முதலாவது கோலாகும். அந்த லீக் பருவத்தில் அவர் போட்ட கோல்கள் பத்து. கன்னிப் பருவத்தில் ராவுல் பெற்றிருந்த ஒன்பது கோல்களை அது விஞ்சியது.

இந்த எண்கள் எல்லோரும் அறிந்தவை. அதே மாதங்களில் அந்த இளைஞனின் உடலுக்குள் நடந்துகொண்டிருந்ததை எவரும் அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்கள் வெளியே சொல்லவில்லை.

2008 பெப்ரவரியில் மலகாவில் பிரான்ஸுடன் நடைபெறவிருந்த சினேகபூர்வ ஆட்டத்துக்காக ஸ்பெயின் தேசிய அணிக்கு அவர் அழைக்கப்பட்டார். ஆட்டத்துக்கு முன்னர் தலைச்சுற்றலும் தாங்கமுடியாத பதற்றமும் அவரைத் தாக்கின. வயிற்றுக் கோளாறு என வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. உண்மையில் அது மனப்பதற்ற நோயின் தாக்கம். அவ்வாண்டுக் கோடையில் நடைபெற்ற யூரோ கிண்ணப் போட்டிக்கும் பயிற்றுநர் லூயிஸ் அரகோனஸ் அவரை அழைத்துச் செல்ல விரும்பினார். தம்மால் இயலாது எனப் போயான் கூறிவிட்டார். ஓய்வு தேவை என்பதே அப்போது பகிரங்கமாகக் கூறப்பட்ட காரணம். தேசம் அழைத்தது, போயான் மறுத்துவிட்டார் என்ற பொருளில் பத்திரிகைகள் தலைப்பிட்டன. தலைப்பு எழுதுவோருக்கு இடம் மிகக் குறைவு என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவோம். எனினும் அந்த நான்கைந்து சொற்கள் ஒரு பதினேழு வயதினனைத் துரோகியாக்கப் போதுமானவையாக இருந்தன. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் தம்மை ஏசினார்கள் எனப் பத்து ஆண்டுகளின் பின்னர், 2018இல், ஆங்கிலப் பத்திரிகையொன்றுக்கு வழங்கிய நேர்காணலில் அவர் நினைவுகூர்ந்தார். உதைபந்தாட்ட உலகம் இது பற்றிப் பேசவே விரும்புவதில்லை என்பதும் அவரது ஆதங்கமாக இருந்தது.

அவர் செல்லாத அந்த யூரோ கிண்ணத்தை ஸ்பெயின் வென்றது. அங்கிருந்து தொடங்கிய பொற்காலத்தில் அவருக்கு இடமிருக்கவில்லை. 2008 செப்டெம்பர் 10ஆம் திகதி ஆர்மேனியாவுக்கு எதிராகத் தேசிய அணிக்காக அவர் ஆடிய ஆட்டமே முதலும் கடைசியுமானது.

கழகத்திலும் நிலைமை மாறியது. புதிய பயிற்றுநர் குவார்டியோலாவின் கீழ் பார்சிலோனா வெற்றிமேல் வெற்றி குவித்தது. மன்னர் கிண்ண இறுதியாட்டத்தில் 2009இல் போயானும் ஒரு கோல் போட்டார். ஆயினும் 2009, 2011 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டங்கள் இரண்டிலும் அவர் களமிறக்கப்படவில்லை. 2010இல் இன்டர் மிலானுடனான அரையிறுதியின் இறுதி நிமிடங்களில் அவர் போட்ட கோல், அதற்கு முன்னர் யாயா தூரேயின் கையில் பந்து பட்டதாகக் கூறி நிராகரிக்கப்பட்டது. அது ஏற்கப்பட்டிருந்தால் பார்சிலோனா இறுதியாட்டத்துக்குச் சென்றிருக்கும். இப்ராஹிமோவிச்சும் பின்னர் டேவிட் வில்லாவும் பெருந்தொகைக்குத் தருவிக்கப்பட்டனர். பெட்ரோ உள்ளிருந்தே எழுந்தார். 163 ஆட்டங்கள், 41 கோல்கள் என்ற கணக்குடன் 2011இல் போயான் ரோமாவுக்குச் சென்றார். இருபது வயதில் 41 கோல்கள் என்பது எந்த அளவுகோலில் தோல்வியாகும்? மெஸ்ஸி என்ற அளவுகோலில் மட்டுமே.

ரோமா, மிலான், அஜக்ஸ் எனக் கழகங்கள் மாறின. அஜக்ஸுடன் 2014இல் நெதர்லாந்து லீக் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு, ஒரு காலத்தில் பார்சிலோனாவுக்கு ஆடிய மார்க் ஹியூஸ் பயிற்றுநராக இருந்த ஸ்டோக் சிற்றி அவரை வாங்கியது. உடல்பலத்துக்குப் பேர்போன அந்த அணியில் மெலிந்த உடல்வாகு கொண்ட போயான் பிரகாசித்ததும், அங்குள்ள ரசிகர்கள் அவரைக் கொண்டாடியதும் பலரும் எதிர்பாராதவை. ஆனால் 2015 ஜனவரியில் றொச்டேல் அணியுடனான கிண்ண ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதன் பின்னர் பழைய வேகம் முழுமையாகத் திரும்பவில்லை. ஜேர்மனியின் மைன்ஸ், ஸ்பெயினின் அலாவெஸ், கனடாவின் மொன்றியல் என்று தொடர்ந்த பயணம், பழைய சகாவான இனியெஸ்டா ஆடிய ஜப்பானின் விசெல் கோபே கழகத்தில் முடிவடைந்தது. 2009ஆம் ஆண்டளவில் தாமும் மனச்சோர்வினால் பீடிக்கப்பட்டிருந்ததை இனியெஸ்டாவும் பிற்காலத்திலேயே வெளிப்படுத்தினார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்த கோலைப் போட்டவர் அதைக் கூறியபோது உலகம் அனுதாபத்துடன் செவிமடுத்தது. 2008இல் போயானுக்கு அத்தகைய செவிகள் கிடைக்கவில்லை.

போயானின் சாதனைகளும் நிலைக்கவில்லை. 2019இல் ஆன்சு ஃபத்தி பதினாறு வயதில் கோல் போட்டார். 2023இல் லமின் யமால் பதினைந்து வயதிலேயே பார்சிலோனாவின் முதலாவது அணியில் ஆடினார். 2021இல் மெஸ்ஸி விட்டுச்சென்ற பத்தாம் இலக்கச் சீருடை ஃபத்திக்கு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. ஏற்கனவே கடுமையான முழங்கால் காயத்துக்கு உள்ளாகியிருந்த அவர், 2023இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கழகத்துக்கு இரவல் வீரராக அனுப்பப்பட்டார்.

2023 மார்ச் மாதம் போயான் தமது ஓய்வை அறிவித்தார். அதே ஆண்டில் பார்சிலோனா கழகம் அவரை உதைபந்தாட்டப் பிரிவின் இணைப்பாளராக நியமித்தது. வேறு கழகங்களுக்கு இரவலாக அனுப்பப்படும் இளம் வீரர்களுடன் தொடர்பில் இருப்பது அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பணிகளுள் ஒன்று.