பலாங்கிகா மணிகள்: யாருக்கான நினைவுச் சின்னம்?

பிலிப்பைன்ஸ் டூர்னு தேடினா பொராக்காய், பலவான், செபுன்னு வரும். இன்னைக்கு நாம போறது பெரும்பாலும் அந்த லிஸ்ட்ல வராத ஒரு மாகாணம்: கிழக்கு சமார். எதிரே முழுக்கப் பசிபிக் பெருங்கடல். 1521 மார்ச்சில் அந்தக் கடலைக் கடந்து வந்த மெகல்லன் இறங்கிய ஹொமோன்ஹோன் தீவு இங்கேதான் இருக்கு. ஆனா நான் பேச வந்தது ஒரு சின்ன ஊரோட சர்ச் மணிகளைப் பத்தி.

ஊர் பேர் பலாங்கிகா. கதை 1898-ல் தொடங்குது. போரில் தோற்ற ஸ்பெயின், 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பிலிப்பினோக்கள் அதுக்கு முன்னாடியே சுதந்திரம் அறிவிச்சிருந்தாங்க. அவங்ககிட்ட யாரும் கேட்கலை. அடுத்த வருஷமே போர் வெடித்தது.

1901 ஆகஸ்டில் அமெரிக்க ஒன்பதாவது காலாட்படையின் 'சி' கம்பெனி பலாங்கிகாவில் முகாம் போட்டது. கொஞ்ச நாளில் ஊர் ஆண்களைப் பிடித்து, நெருக்கமான கூடாரங்களில் அடைத்து, கட்டாய வேலை வாங்கினார்கள். அரிவாள்களைப் பறித்தார்கள். கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று உணவையும் அழித்தார்கள்.

செப்டம்பர் 28 காலை. வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. சர்ச் மணி அடித்தது. ஊர் ஆண்கள் அரிவாளோடு பாய்ந்தார்கள். 74 பேர் கொண்ட கம்பெனியில் 48 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்களிலும் பலர் செத்தார்கள்.

அடுத்து வந்தது பழிவாங்கல். ஜெனரல் ஜேகப் ஸ்மித், ஆயுதம் தூக்கக்கூடிய எல்லாரையும் கொல்லச் சொன்னார். எந்த வயசுலேருந்துன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்: பத்து. கேட்ட அதிகாரி வாலர், குழந்தைகள் மேல போர் நடத்த நாங்க வரலைன்னு தன் ஆட்கள்கிட்ட சொன்னார். ஆனாலும் ஊர்கள் எரிந்தன, மக்கள் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை. 1902-ல் ராணுவ நீதிமன்றம் ஸ்மித்தைக் கண்டித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை ஓய்வில் அனுப்பினார். அவ்வளவுதான் தண்டனை.

எரிந்துபோன சர்ச்சிலிருந்து மூன்று மணிகளை வீரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணிகள் வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகர ராணுவத் தளத்துக்குப் போயின. சின்ன மணி ஒன்பதாவது படையோடு சுற்றி, கடைசியில் தென்கொரியாவில் இருந்தது. தாக்குதலுக்குச் சிக்னல் கொடுத்தது அந்தச் சின்ன மணிதான்னு சொல்றாங்க.

1990-களில் ஜனாதிபதி ஃபிடெல் ராமோஸ் திருப்பிக் கேட்டார். கிடைக்கலை. போர் நினைவுச் சின்னங்களை நாடாளுமன்ற அனுமதி இல்லாம வெளிநாட்டுக்குத் தரக்கூடாதுன்னு பிறகு அமெரிக்காவில் சட்டமே வந்தது. வயோமிங்கின் முன்னாள் ராணுவத்தினர் சொன்ன வாதம் இது: செத்துப்போன 48 சகாக்களுக்கான நினைவுச் சின்னத்தை எப்படிக் கொடுக்கிறது? நான் இதை எளிதா ஒதுக்க மாட்டேன். அந்த 48 பேருக்கும் அம்மா அப்பா இருந்தாங்க. ஆனா ஒண்ணு கேட்கணும் இல்லையா? செத்தவங்களுக்கு நினைவுச் சின்னம் கட்டணும்னா சொந்தக் கல்லில் கட்டலாமே. கோயில்ல பூசைக்கும் சாவுக்கும் அடிக்கிற மணியை எடுத்துட்டுப் போனா, அந்த ஊர் தன் சாவுக்கு எதை அடிக்கும்?

2017-ல் ஜனாதிபதி துதெர்தே பகிரங்கமாகக் கேட்டார். அமெரிக்கச் சட்டத்திலும் வழி திறந்தது. 2018 டிசம்பர் 11 அன்று மூன்று மணிகளும் மணிலாவில் இறங்கின. 15-ஆம் தேதி பலாங்கிகாவுக்கு வந்து சேர்ந்தன. 117 வருஷம். மறுநாள்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை தொடங்குற நாள்.

இந்தக் கதையை நல்லவன் கெட்டவன்னு முடிச்சுட முடியாது. அதே மாகாணத்தில் கிவான்னு ஒரு ஊர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் அங்கே ஒரு பெரிய ஓடுபாதை போட்டார்கள். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் முதலில் கரை தொட்டது கிவானில். சிப்பிகளால் அலங்கரிக்கப்பட்ட அதன் பழைய சர்ச் இடிந்தது. நிவாரண விமானங்கள் இறங்கியது அந்த ஓடுபாதையில்தான்; அமெரிக்க விமானங்களும் அதில் உண்டு.

அதனால பலாங்கிகா போனீங்கன்னா மணிகளை மட்டும் போட்டோ எடுத்துட்டுத் திரும்பாதீங்க. கொஞ்சம் நேரம் எடுத்து நில்லுங்க. மணி அடிச்சா கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.