துல்லியம்

துலா என்றால் தராசு. அதிலிருந்து வந்த வடசொல் துல்யம். எடைக்கு எடை ஒத்தது என்று பொருள். தமிழிலும் துல்லியம் முதலில் ஒப்புமைதான். ‘இம்மியும் பிசகாதது’ என்ற பொருள் பின்னால் ஏறியது. சித்தூர்ப் பக்கத் தெலுங்கில் துல்யம் இன்னும் ‘சமம்’தான், துல்லியத்துக்கு அங்கே ‘கச்சிதம்’ என்பார்கள், நாம் பொருத்தமான அளவுக்குச் சொல்லும் அதே சொல்!

திருமலையில் துலாபாரம் பார்த்தால் வேர் விளங்கிவிடும். ஒரு தட்டில் குழந்தை. மறுதட்டில் வெல்லமோ கற்கண்டோ சில்லறைக் காசோ. குழந்தை மெல்ல மேலெழும்பி, இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிற கணம் இருக்கிறதே, அதுதான் துல்லியம். நேர்ந்ததும் கொடுத்ததும் ஒன்று. பல்லவ குலத்து அரசி சாமவை அங்கே அளித்த நகைகளின் பொன்னையும் தமிழ்க் கல்வெட்டு கழஞ்சு என்ற எடைக் கணக்கில்தான் சொல்கிறது.