வேலிக்கு ஒரு படல்

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த பூவரசு சாய்ந்தது. சாய்ந்த மரம் சும்மா சாயவில்லை. பின்புற வேலியையும் அணைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அன்று புதுச்சேரியில் மரம் விழாத தெருவே இல்லை என்று சொல்லலாம். மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் கிடைத்த மரியாதை, அதற்கு முன்னும் பின்னும் கிடைத்திருக்காது.

எனக்கு வாய்த்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். மரம் கழிப்பதும் வேலி கட்டுவதும் அவருடைய தொழில். அவரும், அவர் தம்பி மகனும், கூலிக்கு இரண்டு ஆட்களும்; அவ்வளவுதான் கம்பெனி. அதன் தளவாடங்கள் அத்தனையும் ஒரு மீன்பாடி வண்டியில் அடங்கிவிடும். இரண்டு அரிவாள், கோடாலி, கடப்பாரை, மண்வெட்டி, நீண்ட மூங்கிலில் கட்டிய தொரட்டி, முள்ளைத் தள்ளிப் பிடிக்கக் கவைக்கோல், மூன்று வடக்கயிறு. இவற்றின் நடுவே, சாக்கில் சுற்றிப் புதுப் பெண்ணைப்போல் உட்கார்ந்திருந்தது ஒரு பெட்ரோல் ரம்பம். “இதுக்கு வாங்கின கடன் இன்னும் தீரலை ஐயா. அரிவாளுக்குச் சாணை புடிச்சா போதும். இது எண்ணெய் குடிக்குது, சங்கிலி மாத்தணும், கோவம் வந்தா காலையும் கேக்கும்” என்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு ஒரு பாடமாக இருந்தது. பெருங்கிளையை மேலேயிருந்து ஒரே மூச்சில் அறுப்பதில்லை. முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்துக்கொள்கிறார்; பிறகுதான் சற்றுத் தள்ளி மேற்புறத்தில் அறுக்கிறார். இல்லாவிட்டால் கிளை முறியும்போது மரத்தின் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகுமாம். கிளை விழுவதுமில்லை; மேல் கவையில் மாட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு, சொன்னபடி கேட்கும் குழந்தையைப்போல் மெதுவாக இறங்குகிறது.

மரம் முடிந்து வேலிக்கு வந்தோம். கம்பி வேலி போடலாமா, கிளுவை நடலாமா என்ற விவாதம். அவர் கிளுவைக் கட்சி. “கம்பி போட்ட அன்னிக்கு நல்லா இருக்கும், நாளாக நாளாகத் துருப்புடிக்கும். உசிரு வேலி நட்ட அன்னிக்கு ஒண்ணுமில்லாம இருக்கும், நாளாக நாளாக அடைக்கும். ஆனா வருஷா வருஷம் தலையை வெட்டணும். தலையை வெட்டினாத்தான் அடி அடைக்கும்.” சற்று நிறுத்திவிட்டு, “இந்த ஊரையே ஒரு காலத்துல முள்வேலி போட்டுத்தான் காத்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நெசமா ஐயா?” என்று கேட்டார்.

நிஜம்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு மூன்று காவல்கள் இருந்தன. நடுவே கோட்டை, அதைச் சுற்றி நகரத்தின் மதில், அதற்கும் வெளியே, சிற்றூர்களையும் மேய்ச்சல் நிலங்களையும் உள்ளடக்கி, வடக்கே கடற்கரையிலிருந்து அரைவட்டமாக வளைந்து தெற்கே அரியாங்குப்பத்து ஆறுவரை ஒரு பெரிய உயிர்வேலி. கள்ளியும் கற்றாழையும் மண்டி, நடுநடுவே பனையும் தென்னையும் நிற்கும் வேலி. ஆங்கிலேயர் தங்கள் சரித்திரங்களில் அதைப் ‘பவுண்ட் ஹெட்ஜ்’, அதாவது எல்லை வேலி என்று எழுதினார்கள். முக்கியமான சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் பீரங்கி வைத்த சிறு கொத்தளங்கள் இருந்தன. வில்லியனூர்ச் சாலைக்கு ஒன்று, வழுதாவூர்ச் சாலைக்கு ஒன்று, சென்னைச் சாலைக்கு ஒன்று, அரியாங்குப்பத்துக்கு ஒன்று.

முள்ளுக்கா இத்தனை மரியாதை என்று வாசகர்கள் சிரிக்க வேண்டாம். குதிரை மதிலைக் கண்டால் நிற்கும். கள்ளி வேலியைக் கண்டால் திரும்பியே போய்விடும். திடீரென்று வந்து கொள்ளையிட்டுப் போகும் குதிரைப் படைகளின் காலம் அது. மராட்டியருக்குப் பயந்து 1742-ல் கல்கத்தாவில் அகழியே வெட்டினார்கள். நமக்கோ இது புதிதல்ல. அரண்களைக் கணக்கெடுத்த வள்ளுவர், நீரோடும் மலையோடும் காட்டையும் சேர்த்துத்தான் எண்ணினார். 1801-ல் மருது சகோதரர்களின் காளையார்கோயிலைப் பிடிக்கப் போன கர்னல் அக்னியூ, சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழி செய்ய முயன்றார். ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டிவிட்டு அந்த வழியையே கைவிட்டார். அந்த ஒரு மாதம் பீரங்கியைவிடக் கோடாலிக்குத்தான் வேலை அதிகம்.

புதுச்சேரி வேலிக்கு 1760-ல் சோதனை வந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி நகரத்துக்குள்ளே. ஆங்கிலத் தளபதி ஐர் கூட் வெளியே. செப்டம்பர் மாதம் ஆங்கிலப் படை வேலியைத் தாக்கியது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மான்சன் படுகாயமடைந்தார். ஆனாலும் வேலியும் கொத்தளங்களும் ஒவ்வொன்றாகக் கை மாறின.

இங்கேதான் ஒரு விந்தை நடந்தது. ஊரைக் காக்க வளர்த்த வேலி, அன்றுமுதல் ஊரை அடைக்கும் வேலியாயிற்று. முள்ளுக்கு யார் நட்டார்கள் என்பது தெரியாது. வெளியிலிருந்து வருகிறவனைக் குத்தியதுபோலவே உள்ளேயிருந்து போகிறவனையும் குத்தும். கிராமத்து நெல் உள்ளே வரவில்லை. கடல் வழியிலும் ஆங்கிலக் கப்பல்கள். நகரம் பட்டினி கிடந்தது.

நவம்பர் கடைசியில் லாலி ஒரு கணக்குப் போட்டார். இருக்கிற தானியம் சிப்பாய்களுக்கே போதாது. ஆகவே ஊர் ஜனங்கள் வெளியேற வேண்டும். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 1400 தமிழ் ஜனங்கள் கோட்டை வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். அங்கே ஆங்கிலேயர் துரத்தியடித்தார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது: பசித்த வாய்கள் உள்ளே இருந்தால் கோட்டை சீக்கிரம் விழும். திரும்பி வந்தார்கள்; கோட்டைக் கதவு திறக்கவில்லை. மதிலுக்கும் வேலிக்கும் நடுவே புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு ஏறக்குறைய ஒரு வாரம் அலைந்தார்கள். பிறகுதான் ஆங்கிலேயர் மனமிரங்கி வழி விட்டார்கள். வழி கிடைக்கும்வரை எத்தனை பேர் தாங்கினார்கள்? எத்தனை தாய்மார்கள் எத்தனை குழந்தைகளை அந்தப் பொட்டலில் விட்டுப் போனார்கள்? சரித்திரத்தில் லாலிக்கும் கூட்டுக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. இந்த 1400 பேரில் ஒருவருடைய பெயரைக்கூட நான் படித்ததில்லை.

வேலியே பயிரை மேய்ந்தாற்போல் என்று நாம் சொல்வது வெறும் பழமொழி அல்ல. அந்த வேலிக்கு மண் சுமந்ததும், முள் வெட்டியதும், தண்ணீர் ஊற்றியதும் இதே ஜனங்களுடைய கைகளாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

அந்த வருஷம் பிறந்த அன்றே ஒரு புயல் அடித்தது. 1761 ஜனவரி முதல் தேதி, ஆங்கிலக் கப்பல்களில் சில மூழ்கின. சில கரை தட்டின. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கரையில் கூடாரங்களும் பறந்தன. ஆனால் பசியால் வாடிய நகரத்துக்கு அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வலு இல்லை. ஜனவரி 16-ம் தேதி ஆங்கிலேயர் உள்ளே நுழைந்தார்கள். 1736 முதல் இந்த ஊரின் நல்லது கெட்டதுகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கண்ணை மூடியிருந்தார். கோட்டையும் நகரமும் இடித்துத் தள்ளப்பட்டன. 1765-ல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது கற்குவியல்தான் வந்தது.

வேலிமேல் உள்ள ஆசை மட்டும் ஆட்சியாளர்களை விடவில்லை. உப்புக்கு வரி வசூலிப்பதற்காக ஆங்கிலேயர் வட இந்தியாவில் ஒரு சுங்க எல்லையே போட்டார்கள். அதில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு முள்வேலி வளர்த்தார்கள். அதை மும்முரமாக வளர்த்த அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பிற்பாடு 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம். 1879-ல் அந்தச் சுங்க எல்லை கைவிடப்பட்டது. அத்தனை பெரிய வேலி எங்கே இருந்தது என்று தேட வேண்டிய நிலை பின்னால் வந்தது.

சப்பாத்திக்கள்ளியின் கதையும் அப்படித்தான். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியரோடு வந்து, வேலியாகத் தொடங்கி, வயலையே விழுங்கும் களையாகிவிட்டது. 1926-ல் இலங்கை வழியாக ஒரு சிறு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். படை வெட்ட முடியாததைச் சில வருஷங்களில் அந்தப் பூச்சி தின்று தீர்த்தது.

புதுச்சேரியின் கடைசி எல்லைக்கு அரிவாளும் தேவைப்படவில்லை, பூச்சியும் தேவைப்படவில்லை. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறியது.

இந்தக் கதையில் பாதியைப் பெரியவருக்குச் சொன்னேன். வேலை நடந்துகொண்டே இருந்தது. கடப்பாரையால் குழி, குழிக்கு ஒரு கிளுவைக் கழி, கால் வைத்து ஒரு மிதி. 1400 பேர் கதை வந்தபோது மட்டும் அவர் நிமிர்ந்தார்.

“வேலின்னா ஒரு படல் வெக்கணும் ஐயா. படல் இல்லாத வேலி கண்ணிதான்” என்றார். பிறகு, கட்டணம் பேசும் குரலில், “உங்க வேலிக்குப் படல் எந்தப் பக்கம் வெக்கட்டும்? நீங்க சொல்லவே இல்லையே” என்று கேட்டார்.

உண்மைதான், நான் அதை நினைக்கவே இல்லை. பின்னால் இருக்கும் வீட்டுக்காரரோடு எனக்கு வெகு நாளாகப் பேச்சு இல்லை. அந்தப் பக்கமே வைக்கச் சொன்னேன்.