மதுரைக் காப்புரிமையும் சுங்க வாயிலும்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1959 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் அளித்த அறிக்கையைப் பிரதான ஆதாரமாகக் கொள்வது வழக்கம். நாட்டிலிருந்த காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவிகிதம் வரை அயல்நாட்டார் வசம் இருந்தன என்றும், அவற்றுள் 90 சதவிகிதத்துக்கு மேற்பட்டவை இங்கே உற்பத்தியில் ஈடுபடுத்தப்படவே இல்லை என்றும், ஆகவே அவை இந்தியச் சந்தையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் உபாயங்களாகவே விளங்கின என்றும் அவர் கண்ட முடிவு, 1970ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அஸ்திவாரமாயிற்று. அம்முடிவு அக்காலத்துக்குப் பொருந்தியதே. எனினும், தடையின் காரணத்தை உரிமையாளர் எந்த நாட்டவர் என்பதிலும், அவர் உரிமையைத் தொழிலில் ஈடுபடுத்தினாரா என்பதிலும் வைத்துக் காணும் அப்பார்வையை, அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கைக்கருவிகளின் சரித்திரத்திற்கும் அப்படியே பொருத்துவது தகாது என்பது என் துணிபு. காப்புரிமை தடையாவதும் ஆகாமற்போவதும், அது எந்த வாயிலில், எவ்வித விசாரணைக்குப் பின் செல்லுபடியாகிறது என்பதைப் பொறுத்தவை.

திண்டுக்கல்லுக்கு அண்டையிலுள்ள மதுரையில் நிகழ்ந்த ஒரு விஷயமே இதற்குச் சான்று. மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டுகளை ஏற்கும் கைபேசிக்குக் காப்புரிமை கோரி 2002 மார்ச்சில் விண்ணப்பித்தார். 2008இல் அது 214388 என்னும் எண்ணுடன் வழங்கப்பட்டது. சட்டம் அறிவது விண்ணப்பத் தேதி ஒன்றையே. எண்ணம் உதித்த காலத்தை அதைக்கொண்டு நிர்ணயிக்க இயலாதாகையால், இங்கே முன்னவர் பின்னவர் என்னும் வாதத்தில் நான் நுழையவில்லை. இறக்குமதிச் சரக்கில் அறிவுசார் சொத்துரிமையைக் காக்க 2007 மே மாதத்தில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, உரிமையாளர் தம் உரிமையைச் சுங்கத் துறையில் பதிவுசெய்துகொண்டால், அதை மீறியதெனக் கருதப்படும் சரக்கை அதிகாரிகள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிறுத்திவைக்கலாம். இவ்விதிகளை ராம்குமார் பயன்படுத்தியதும், சாம்சங், ஸ்பைஸ் முதலிய நிறுவனங்களின் இரட்டை சிம் கைபேசிகள் தாவாவுக்கு உள்ளாயின. ஐயங்கார் கண்ட காட்சி இங்கே தலைகீழாகிறது. தடையிட்டவர் வைகைக் கரைக்காரர். தடைபட்டவர்களில் கொரியாவின் பெருநிறுவனமும் இருந்தது.

அந்தக் காப்புரிமையின் வாசகத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். தலைப்பு பல சிம் கார்டுகளைக் கொண்ட கைபேசி என்று விரிந்து நிற்கிறது. உரிமைக் கோரிக்கையோ சிம் கார்டுக்குரிய குழிகளோடு நில்லாமல், ஒலிகேட்பான்களைச் செருகும் குழிகள் பலவற்றையும், புளூடூத் அமைப்பையும் சேர்த்தே சொல்கிறது. கோரிக்கையில் கூறப்பட்ட உறுப்புகள் யாவும் ஒருங்கே அமைந்திருந்தாலன்றி மீறல் இல்லை என்பது காப்புரிமைச் சட்டத்தின் முதற்பாடம். கடைவீதியில் விற்ற இரட்டை சிம் கைபேசிகளிலோ ஒலிகேட்பானுக்குக் குழி ஒன்றே இருப்பது சாதாரணம். அப்படியானால் அந்தக் கைபேசி மீறலா, அல்லவா என்பதை நிச்சயிக்க, தலைப்பைப் பார்த்தால் போதாது. கோரிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் கருவியின் ஒவ்வொரு உறுப்போடும் ஒத்துப் பார்த்தாக வேண்டும். நீதிபதிகளே நிபுணர் சாட்சியமும் வாதப் பிரதிவாதமும் கேட்டு மாதக்கணக்கில் செய்யும் இந்தக் காரியத்தை, பெட்டி பிரித்து எண்ணும் சுங்க அதிகாரியிடம் ஒப்படைத்ததுதான் 2007 விதிகளின் அடிப்படைப் பிழை.

அக்காலத்தில் இரட்டை சிம் கைபேசிகள் திண்டுக்கல் கடைகளிலும் நாடெங்கும் பெருகினவேயன்றிக் குறையவில்லை, ஆகவே தடை என்று ஒன்று இருந்ததேயில்லை என்று சொல்வாருண்டு. இதற்கு நேரான மறுப்பு காட்டும் ஆதாரம் மெலிந்ததே என்றாலும், வாதத்தை நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை. சரக்கு சுங்கக் கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு நாளும் இறக்குமதியாளருக்கு நஷ்டம். அந்த நஷ்டமே அவரைச் சமரசத்துக்கு இழுக்கும். வாங்குவோர் கண்ணில் படாமல், விற்போரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் படியும் தடையும் தடையே.

இதனோடு ஒப்பிட, கைக்கருவிகளில் விரலால் உருட்டும் சக்கரத்தின் கதை நன்கு உதவும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001இல் சுழலும் சக்கரத்தோடு வந்து, 2002இல் தொட்டு நகர்த்தும் சக்கரமாக மாறி, 2004இல் அழுத்தவும் நகர்த்தவும் ஒருங்கே ஏற்ற கிளிக் வீல் ஆயிற்று. ஜப்பானியரான நோரிஹிகோ சைட்டோ, அத்தகைய சக்கரத்துக்குத் தாம் 1998இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்ததாகக் கூறி வழக்காடியதில், 2013 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சுமார் 33 கோடி யென் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ராம்குமாரைப் போலவே அவரும் பெருநிறுவனத்தை எதிர்த்த தனிமனிதர். ஆனால் அவருடைய காப்புரிமை ஐபாடை அங்காடியிலிருந்து அகற்றவில்லை, விலை கேட்டது மட்டுமே. 2006இல் கிரியேட்டிவ் நிறுவனத்துக்கு ஆப்பிள் கொடுத்த 10 கோடி டாலரும், பாடல்களை வகைப்படுத்தித் தேடும் முறைக்கான உரிமத்தின் விலையே. சக்கரம் கைக்கருவிகளினின்று மறைந்ததற்குக் காப்புரிமையையே காரணம் காட்டுவோரும் உளர். 2006இல் பிளாக்பெரி தன் பக்கவாட்டுச் சக்கரத்தைக் கைவிட்டு உருளும் குமிழுக்கு மாறியதில் உரிமச் சங்கடத்துக்குப் பங்குண்டா என்பது தீராத கேள்வியாகவே நிற்கட்டும். 2007இல் ஐபோனின் தொடுதிரை வந்தபின் சக்கரத்தை ஒழிக்க வேறு காரணம் தேவைப்படவில்லை என்பது மட்டும் திண்ணம்.

ஸ்பைஸ் நிறுவனத்தின் மனுவின்மீது, சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012 ஜூனில் மதுரைக் காப்புரிமையை ரத்து செய்தது. வழங்கப்பட்டதற்கும் ரத்தானதற்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும், செல்லாத ஓர் உரிமை செல்லும் உரிமையின் அதிகாரத்தோடு உலவிய ஆண்டுகள். ஐயங்கார் தம் அறிக்கையில் பரிகாரமாக வைத்த கட்டாய உரிமம் இதைத் தடுத்திராது. ஏனெனில் கட்டாய உரிமம் என்பது செல்லுபடியாகும் காப்புரிமைக்கே மருந்து. எளிய கண்டுபிடிப்பாளரின் கைக்குச் சுங்க வாயில் ஓர் ஆயுதம் என்று பரிந்து பேசுவோரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அதே வாயிலில் நாளை எளியவர் ஒருவரின் சரக்கைப் பெருநிறுவனம் நிறுத்திவைத்தால், கிடங்கு வாடகை கொடுத்து வழக்காட அவருக்குச் சக்தி ஏது?

திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலுக்கு இந்த விவாதத்தில் ஓர் இடமுண்டு. நாகல் நகர் முதலிய இடங்களின் பட்டறைகளில் அரத்தால் ராவிச் சாவியையும் லீவரையும் இணைசேர்க்கும் ஆசாரிகளின் கைத்திறன், தனிமனிதர் காப்புரிமையால் வேலியிடப்படாமலே தலைமுறைகளாக வளர்ந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டில் செய்த பூட்டின்மேல் திண்டுக்கல் என்று பொறித்திருந்தால், அதன் பொய்யைப் பெயரும் பிறப்பிடச் சான்றும் பார்த்தே சுங்க அதிகாரி அறிந்துகொள்ளலாம்; லீவரின் நுட்பத்தை அவர் அறிய வேண்டியதில்லை. 2018 ஜூன் 22ஆம் நாள் திருத்தப்பட்ட விதிகள் காப்புரிமையைச் சுங்க வாயிலிலிருந்து விலக்கி, வணிகச் சின்னம், பதிப்புரிமை, வடிவமைப்பு, புவிசார் குறியீடு ஆகியவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டன. அந்தத் திருத்தம் நியாயமானது. பதினோரு ஆண்டுகள் தாமதித்து வந்தது என்பதே அதன்மீது நான் காணும் குறை.