மூன்று விரல்

2014 நவம்பர் 19. தாய்லாந்தின் கோன் கென் நகரில், அந்த ஆண்டு மே மாதம் ஆட்சியைப் பிடித்த இராணுவத் தளபதி பிரயுத் சான் ஓச்சா பேசிக்கொண்டிருந்தார். ஐந்து மாணவர்கள் அவர் முன் நின்று மூன்று விரல்களை உயர்த்தினார்கள். உடனே பிடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தச் சைகை எந்தக் கட்சியுடையதும் அல்ல. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் வருவது. அதன் அடுத்த பாகம் அதே வாரம் வெளியானபோது, பாங்காக்கில் ஒரு திரையரங்கு நிறுவனம் காட்சிகளையே ரத்து செய்தது.

இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் படங்கள் பதின்வயதினரை ஏன் இழுக்கின்றன? சண்டை, காதல், கிராபிக்ஸ் என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. அந்தப் படத்தின் நாட்டைப் பாருங்கள். 12 மாவட்டங்கள். ஒன்றில் பிறந்தால் நிலக்கரி, இன்னொன்றில் பிறந்தால் வயல்வேலை. மாற வழியில்லை. ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் மாவட்டத்துக்கு இருவரைக் குலுக்கலில் எடுத்து, ஒருவரையொருவர் கொல்லவைத்து, தலைநகரம் அதைத் தொலைக்காட்சியில் ரசிக்கிறது. நாவலை எழுதிய சூசன் காலின்ஸ் கிரேக்கப் புராணத்தையும் ரியாலிட்டி ஷோவையும்தான் தூண்டுதலாகச் சொன்னார். ஆனால் வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களைப் பிறப்பால் பிரித்து அடுக்குவது வேறு என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டதைப் படித்தவர்களுக்கு இந்த 12 மாவட்டங்கள் கற்பனையாகத் தெரியாது.

தாய்லாந்துப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. 2020 ஆகஸ்டில் பள்ளி மாணவர்கள் வெள்ளை ரிப்பன் அணிந்து, காலையில் தேசிய கீதம் ஒலிக்கும்போது அதே மூன்று விரல்களை உயர்த்தினார்கள். ஜனநாயகக் கோரிக்கைகளோடு முடிவெட்டு விதியையும் எதிர்த்தார்கள். முடி நீளமாக இருந்தால் ஆசிரியரே கத்தரிக்கோலோடு வந்து வெட்டிவிடுகிற பள்ளிகள் அங்கே உண்டு. சர்வாதிகாரம் என்ற சொல்லைப் படிக்குமுன்பே அதன் கை அவர்கள் தலைமேல் பட்டிருந்தது. 2021 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மர் தெருக்களிலும் அந்த விரல்கள் எழுந்தன.

படத்தில் அந்தச் சைகை கிளர்ச்சியாக மாறும் இடத்தை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ரூ என்ற சிறுமியின் சாவு. வயல்வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட 11ஆம் மாவட்டத்துப் பெண் அவள். நாவலே அவளைக் கரும்பழுப்பு நிறத்தவள் என்று சொல்கிறது. ஆனாலும் 2012இல் கறுப்பினச் சிறுமி அமாண்ட்லா ஸ்டென்பெர்க் அந்த வேடத்தில் வந்ததும், ட்விட்டரில் ‘ரசிகர்கள்’ பலர் கொதித்தார்கள். அவள் கறுப்பு என்று தெரிந்தபின் அந்தச் சாவு அவ்வளவு வருத்தமாக இல்லை என்றுகூட எழுதினார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் எழுச்சியைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இவர்கள்!

ரூவின் உடலைப் பூக்களால் மூடிவிட்டு, கதாநாயகி காட்னிஸ் கேமராவை நோக்கி விரல்களை உயர்த்துகிறாள். 11ஆம் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. முதலில் எழுந்தவர்கள் அவர்கள்தான். சில நிமிடங்களில் படம் அவர்களை விட்டுவிட்டுக் காட்னிஸிடம் திரும்பிவிடுகிறது. அடுத்து வந்த பாகங்களில் ஒன்றுகூட ரூவின் ஊரிலிருந்து தொடங்கவில்லை.