கொண்டைக்குருவிக்குப் பேர் இருக்கு, பாசிக்கு?

பின்னாடி ஒரு சத்தம் கேட்குதே, அது கொண்டைக்குருவி. சின்னான்னும் சொல்லுவாங்க. எடிட்ல தூக்கலாம்னு பார்த்தேன், விட்டுட்டேன். இன்னைக்கு அதோட கதைதான், கூடவே பாசியோட கதையும்.

1766-ல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு 'காஃபர்'னு பேர் வெச்சார். ஆப்பிரிக்காவோட நன்னம்பிக்கை முனைப் பக்கத்துப் பறவைன்னு நினைச்சுட்டார்! அங்கே அது கிடையவே கிடையாது. பேர் தப்பு, ஆனா பறவை பிழைச்சுக்கிச்சு. 1903 வாக்கில் இந்தியக் கூலித் தொழிலாளர்களோட ஃபிஜிக்குப் போனதா சொல்றாங்க. மதராஸிலிருந்து நம்ம ஆளுங்க அங்கே கப்பலேறினதும் அதே வருஷம்தான். இப்போ உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் பட்டியல்ல அதுவும் ஒண்ணு. இங்கே கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் கிட்ட கேளுங்க, பட்டியலே வேண்டாம்.

அந்தத் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் கொண்டுவந்ததாச் சொல்வாங்க. இன்னொரு பிரெஞ்சு பாதிரியார், ஜார்ஜ் ஃபோரோ, பழனி மலையில் பாசிகளைத் தேடி அலைஞ்சவர். 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்விதழில் அந்த மலைப் பாசிகளோட பட்டியலை வெளியிட்டார். ஒரு பாசிப் பேரினத்துக்கே அவர் பேர் இருக்கு: ஃபோரோயெல்லா.

தமிழ்ல நமக்கு ஒரே வார்த்தைதான். கிணத்துல படர்றதும் பாசி, பாறையில ஒட்டுறதும் பாசி, கழுத்துல போடுறதும் பாசி.

பாசிக்கு வேர் வழியா தண்ணி வராது, இலை மேலேயே உறிஞ்சிக்கும். சோலைக்காட்டு மரத்தை வெட்டி வெயில் உள்ளே விழுந்தா, நிழல்லயே வாழ்ந்த பாசி காஞ்சு போயிரும். அதே வெட்டவெளியில உண்ணிச்செடி வளரும், பழம் பழுக்கும், கொண்டைக்குருவி வந்துரும். ஒரே வெட்டுல ஒண்ணு போகுது, இன்னொண்ணு வருது. வந்ததை 2015-லிருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்புல எண்ணுறோம். போனது?

அதே 2015-ல்தான் பொட்டிபுரத்து நியூட்ரினோ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேவாரமே பேசுச்சு: தண்ணி, வெடி, முல்லைப் பெரியாறு அணை, மதிகெட்டான் சோலை. பாசி பத்தி யாரும் பேசி நான் கேட்கல. நானும் பேசல.

போன மாசம் போடிமெட்டு ரோட்டோரப் பாறையில பழுப்பா ஒரு பாசி. செத்துருச்சுன்னு நினைச்சு, பாட்டில் தண்ணியை ரெண்டு சொட்டு விட்டேன். வண்டிய எடுக்குறதுக்குள்ள பச்சையாயிருச்சு. எல்லாப் பாசியும் இப்படித் திரும்பாது, இது வெயிலுக்குப் பழகின ஜாதி. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பேர் தெரிஞ்சவங்க எழுதுங்க.